ஓப்பன் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கூரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் மோட்டார் பக்கத்தில், குறைந்த செலவில் பழைய கன்வெர்டிபிள், அதாவது கூரையைத் திறந்து மூடுகிற, ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவருக்கு காரின் மேல் ஆசை இருக்கிறது, அது நன்றாகவே தெரிகிறது. ஆனால் அவர் சொன்ன யோசனை எல்லாம் லண்டனில் வாங்குகிறவருக்குச் சரி. நான் தண்டையார்பேட்டையில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், அந்தக் கட்டுரையை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து "அண்ணே, இதுல எதை வாங்கலாம்?" என்று ஏரியா பசங்க கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கட்டுரையில் வந்த அந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1989-ல் வந்தது, முதல் மாடலின் எடை ஒரு டன்னுக்கும் கீழே, இரண்டே சீட், முன்னால் இன்ஜின், பின் சக்கரத்துக்கு இழுவை, 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. இந்த ரகத்தில் அதைவிட நல்ல வண்டி இல்லை என்றால் நானும் தலையாட்டுவேன். ஆனால் இந்தியாவில் அதை கம்பெனி விற்றதே கிடையாது, கட்டுரையில் அந்த ஒரு வரி இல்லை. ஜப்பானில் சல்லிசாகக் கிடைக்கிற இருபது வருஷ வண்டியைக் கொண்டுவரலாமே என்று கேட்பவர்களுக்கு: பழைய காரை இறக்க வேண்டுமானால் அது தயாரித்து மூன்று வருஷத்தைத் தாண்டியிருக்கக் கூடாது, மும்பை துறைமுகம் வழியாகத்தான் வரவேண்டும், கட்டுகிற வரி காரின் விலையையே தாண்டிவிடும். எண்ணூரில் காமராஜர் துறைமுகத்தில் புதுக் கார்கள் வரிசையாகக் கப்பல் ஏறுகின்றன, இருந்தும் ஒரு பழைய மாஸ்டா அந்த வழியாக இறங்க முடியாது.

அப்புறம் நமக்கு என்னதான் கிடைக்கும்? பி.எம்.டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., போர்ஷே பாக்ஸ்டர். பின் சக்கர இழுவை, திறக்கிற கூரை, இரண்டு சீட் என்று கேட்டால் நம் ஊர் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருவது இந்த மூன்றுதான். ஆடி ஏ3 கேப்ரியோலேயும் மினி கூப்பர் கன்வெர்டிபிளும் முன் சக்கர வண்டிகள், அழகாக இருக்கின்றன, வாங்கலாம், ஆனால் அதைக் காட்டி "ஸ்போர்ட்ஸ் கார், ரியர் வீல் டிரைவ்" என்று அடித்து விடுகிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். வண்டியின் பின்னால் குனிந்து பாருங்கள், இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவில் டிஃபரன்ஷியலோ (இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி) கியர்பாக்ஸோ இருந்து அதிலிருந்து இரண்டு பக்கமும் ஷாஃப்ட் போக வேண்டும், ஒன்றுமே இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில் இன்ஜின், கிலோமீட்டர், சர்வீஸ் ரெக்கார்டு என்று ஒரு பக்கம் ஓடுகிறது, கூரையைப் பற்றி "நன்றாகத் திறந்து மூடுகிறதா பாருங்கள்" என்று ஒரே வரி. என் பட்டறைக்கு வருகிற திறந்த கார்கள் இன்ஜினால் படுத்ததைவிடத் தண்ணீரால் படுத்ததுதான் அதிகம். கூரை மடங்கி உட்காருகிற பள்ளத்தின் இரண்டு மூலையிலும் தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்கும், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கீழே போகும். அந்த ஓட்டை வேப்பிலைக்கும் தூசிக்கும் அடைத்துக்கொண்டால் நம் ஐப்பசி மழை எங்கே போகும்? பழைய இசட்4-ல், அதாவது 2008 வரை வந்த துணிக்கூரை மாடலில், கூரையைத் திறக்கிற ஹைட்ராலிக் பம்ப் மோட்டாரை அந்தப் பள்ளத்தின் அடியிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். குழாய் அடைத்தால் மோட்டார் முழுகிப்போகும், கூரை பாதியில் நிற்கும். 2009-லிருந்து 2016 வரை வந்த இசட்4-ல் கூரை தகரம், எஸ்.எல்.கே.யிலும் தகரம். வெயிலுக்கும் புழுதிக்கும், மேலே ஏறிப் படுக்கிற பூனைக்கும், கையில் பிளேடு வைத்திருக்கிற புண்ணியவானுக்கும் தகரக் கூரைதான் தாங்கும் என்பது என் கட்சி. அதிலும் ஹைட்ராலிக் சிலிண்டரின் சீல் வயதாகி ஆயில் கசியும், டிக்கிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

சோதிக்கச் செலவே இல்லை. ஒரு மக் தண்ணீரை எடுத்து, கூரையைப் பாதி திறக்கச் சொல்லி, அந்த மூலை ஓட்டையில் மெதுவாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியில் தரையில் சொட்ட வேண்டும், இரண்டு பக்கமும். சொட்டவில்லை என்றால் அந்தத் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் எங்கேயோ தேங்குகிறது. ஊற்ற விடாத பார்ட்டியிடம் வண்டி வாங்காதீர்கள்.

அடுத்தது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் நமக்கு மறக்காது. இன்ஷூரன்ஸில் டோட்டல் லாஸ் ஆகி ஏலத்தில் போன வண்டிகள் அப்புறம் ஒரு வாட்டர் வாஷ், ஒரு சீட் கவர், கொஞ்சம் சென்ட் அடித்து மறுபடி சந்தைக்கு வருகின்றன. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருக்கு முழங்கால் தண்ணீரே போதும், சீட்டுக்கு அடியில் இருக்கிற ஒயரிங்கும் கண்ட்ரோல் யூனிட்டும் காலி. கொளத்தூர் பையன் ஒருவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வெள்ளி நிற இசட்4-ஐ பட்டறைக்கு ஓட்டிவந்து காட்டினார். வெளியே பளபளப்பு, ஒரு கீறல் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தோம், உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு சாண் நீளத்துக்கு மண் நிறம் ஏறியிருந்தது. சீட் தண்டவாளத்தின் நான்கு போல்ட்டும் துருப்பிடித்து மாவாக உதிர்ந்தது. பெல்ட்டின் அந்தக் கடைசி முனையைத் துவைக்க பழைய கார் விற்கிற எந்த கன்சல்டிங்காரரும் மெனக்கெடுவதில்லை, அதனால் அங்கே பாருங்கள்.

இன்னொன்று பேப்பரில் பார்க்கலாம். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளை வரிசையாகக் கேட்டு வாங்குங்கள், இந்த வருஷத்தது மட்டும் போதாது. கிளெய்ம் எடுக்காத வரை பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். அதே ஓனர் பெயரில் ஏறிக்கொண்டே வந்த போனஸ் 2016-லோ 2024-லோ திடீரென்று பூஜ்யம் ஆகியிருந்தால் அந்த மழைக்கு வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். ஆர்.சி.யை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஆர்.சி. பற்றியும் கட்டுரை மூச்சு விடவில்லை. தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். நம் மாருதிக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதி காருக்கு 40,000. இருபது வருஷம் தாண்டிய இறக்குமதி காருக்கு 2025 ஆகஸ்டில் இருந்து 80,000. நான் சொன்ன மூன்று வண்டியும் இறக்குமதிதான். 2010, 2011 வண்டிகளின் விலை இப்போது இறங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், விற்கிறவர் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார். டெல்லி வண்டி இன்னும் சல்லிசாக வரும், அங்கே பத்து வருஷ டீசலுக்கும் பதினைந்து வருஷ பெட்ரோலுக்கும் வந்த தடையால் பயந்து தள்ளிவிட்டவை நிறைய. புதுச்சேரி நம்பர் வண்டியும் அப்படித்தான், வரி குறைவென்று அங்கே பதிவு செய்தவை. எதுவானாலும் பழைய மாநிலத்து ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, நம்பரை மாற்ற வேண்டும், பழைய மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்ப வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். அந்தத் தொகையைச் சேர்த்துக் கூட்டிவிட்டு அப்புறம் "சல்லிசு" என்று சொல்லுங்கள்.

இன்ஜின் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாக்ஸ்டரின் முதல் தலைமுறையிலும் அடுத்ததன் ஆரம்ப வண்டிகளிலும் இன்ஜினுக்குள் ஒரு இடை ஷாஃப்ட் பேரிங் போகும், போனால் இன்ஜினோடு போகும், மாற்றியதற்கு பில் இல்லாமல் தொடாதீர்கள். எஸ்.எல்.கே. 350-ன் ஆரம்ப ஆறு சிலிண்டர் வண்டிகளில் இன்ஜின் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் தேயும். இரட்டை டர்போ இசட்4-ல் பெட்ரோலின் ஹை பிரஷர் பம்ப் மக்கர் செய்யும். எல்லாவற்றுக்கும் மேல் இப்போது பங்கில் போடுவது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது, வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு இது கூடுதல் தலைவலி.

பின் சக்கர வண்டி என்றதும் பயப்பட வேண்டாம், தெருவில் ஓடுகிற டாடா ஏஸும் ஆம்னியும் அதேதான். வித்தியாசம் சக்தியில். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் லாரி சிந்திய மணல் எப்போதும் ஓரமாகக் கிடக்கும், மேலே ஒரு தூறல் போட்டதென்றால், வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டாலோ மிதித்தாலோ பின்பக்கம் உங்களை முந்தப் பார்க்கும். அதனால் டயர் முக்கியம். இந்த வண்டிகள் குறைவாக ஓடுவதால் டயரில் பட்டன் இருக்கும், ஆனால் ரப்பர் கட்டையாகியிருக்கும். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், 1416 என்றால் 2016-ன் பதினான்காவது வாரம். பல வண்டிகளில் பின் டயர் முன்னதைவிட அகலம், மாற்றிப் போட முடியாது. 2016 வரை வந்த இசட்4-களில் ஸ்டெப்னியே கிடையாது, காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர்தான், கன்டெய்னர் லாரி தோண்டிய பள்ளத்தில் ஒருமுறை இறங்கினால் டயர் பக்கவாட்டில் புடைத்துக்கொள்ளும், அலாய் வீல் விரிசல் விடும்.

உப்பைச் சொல்லாமல் விட்டால் ராயபுரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். காசிமேட்டில் மீன் வண்டியில் இருந்து ஐஸ் உருகி ஒழுகுகிற உப்புத் தண்ணீர் உங்கள் வண்டியின் அடிவயிற்றில்தான் தெறிக்கும். கடற்கரை ஓரம் நிறுத்துகிறவர்கள் ஜாக்கி போட்டுத் தூக்கி, பிரேக் பைப்பும் ஜாக்கி வைக்கிற இடமும் எப்படி இருக்கிறதென்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் என்னிடம் கேட்காதீர்கள். "பழைய கார் ஒண்ணு வாங்கித் தரேன், மேல அறுத்துக் குடுங்க" என்கிறார்கள். இன்றைய கார்களில் அடியில் தனிச் சேஸிஸ் (வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டகம்) இல்லை, கூரையும் சேர்ந்துதான் பலம், அதை அறுத்தால் மேல்மூடியை உருவிய தீப்பெட்டி மாதிரி வண்டி நடுவில் தொய்யும், கதவு மூடாது, மோதினால் கேட்கவே வேண்டாம். கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேறு கதை. அதற்குத் தனிச் சேஸிஸ், மேலே பாடியை போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள், அதனால்தான் இங்கிலாந்தில் ட்ரையம்ப் கம்பெனி அதிலேயே திறந்த மாடலும் விட்டது, அந்தச் சேஸிஸை வைத்தே ஸ்பிட்ஃபயரும் செய்தது. நம்மூர் வண்டலூரில் தயாரான ஹெரால்டுகள் சோழவரத்தில், அந்த உலகப்போர் காலத்து ஓடுதளத்தில், பந்தயம் ஓடியதைப் பார்த்த பெரியவர்கள் ரெட்ஹில்ஸ் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் நிருபரை ஒருநாள் அங்கே அனுப்பலாமே.

சரி, எதை வாங்கலாம் என்று கேட்டால் என் பதில்: கிடைத்தால் எஸ்.எல்.கே. 200 கம்ப்ரஸர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சூப்பர்சார்ஜர் வைத்தது), தகரக் கூரைதான். வேகத்தில் இசட்4-க்குக் கீழேதான், தெரியும். ஆனால் அதே நான்கு சிலிண்டர் இன்ஜின் குடும்பம் பழைய சி-கிளாஸ் 200 கம்ப்ரஸரிலும் இருந்தது, அந்த வண்டி இங்கே நிறைய விற்றது, அதனால் பழைய பாகம் விற்கிற புதுப்பேட்டையில் தேடினால் பாகம் கிடைக்க வழி இருக்கிறது, கை வைத்துப் பழகிய மெக்கானிக்கும் இருப்பார். டைமிங் செயின் தளரும், காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து சத்தம் கேளுங்கள், விற்கிறவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கையில் இருக்கிற மொத்தப் பணத்தில் நாலில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதிக்கு வண்டி தேடுங்கள், அந்த ஒரு பங்கு முதல் வருஷமே கரைந்துவிடும். பார்க்கப் போவதை ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், கார்ப்பெட்டைத் தூக்கி விரலால் அழுத்திப் பார்க்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை