பிள்ளைகளைப் பட்டினி போட்டு ரிங்கில் ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரமலான் வந்தாலே குத்துச்சண்டையும் ஜூடோவும் பழகும் முஸ்லிம் பிள்ளைகளிடம் "நோன்பு வச்சுக்கிட்டு எப்படிடா அடிப்ப, இந்த மாசம் வராதே" என்று சொல்லும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். அதே மாஸ்டர்கள் போட்டிக்கு முந்தின ராத்திரி, தன் எடைப் பிரிவைவிட ஒன்றரை கிலோ கூடுதலாக இருக்கும் பையனுக்குச் சோற்றையும் தண்ணீரையும் நிறுத்தி, ரெயின்கோட் மாட்டி ஓடவிட்டு, எச்சிலைக்கூடத் துப்பச் சொல்கிறார்கள். நோன்புக்குப் பதறுகிறவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இரண்டும் வெறும் வயிறுதான், ஆனால் உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல.

நோன்பு வைக்கும் பையன் விடியுமுன் சஹரில் சாப்பிடுகிறான், நம் ஊரில் சுமார் 13 மணி நேரம் கழித்து, சூரியன் மறைந்ததும் மக்ரிபுக்கு நோன்பு திறக்கிறான், இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்கலாம், தினமும் அதே நேரம் என்பதால் உடம்பும் பழகிக்கொள்கிறது. துனிசியாவின் முன்னணி ஜூடோ வீரர்களை ரமலானில் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், பயிற்சியை விடாமல் செய்தவர்களுக்குத் திறன் பெரிதாக விழவில்லை, சோர்வுதான் கூடியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கே ரமலானில்தான் நடந்தது. அதனால் ஸ்பாரிங்கை, அதாவது பயிற்சிச் சண்டையை, நோன்பு திறந்து கஞ்சியும் பேரீச்சம்பழமும் உள்ளே போய் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து வையுங்கள். பகலில் கால் நகர்வு, டெக்னிக் போதும். அப்புறம் பையன் மதியம் கொஞ்சம் தூங்கட்டும், பாதிச் சோர்வு தூக்கம் கெடுவதால் வருவது.

எடைக்காகப் போடும் பட்டினி வேறு மாதிரி. தசையிலும் கல்லீரலிலும் நம் உடம்பு சக்திக்காகச் சேர்த்து வைக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதனால்தான் ஒரே ராத்திரியில் தராசு முள் அவ்வளவு இறங்குகிறது. இறங்கியது கொழுப்பு இல்லை, மூன்றாவது ரவுண்டுக்கு அவன் வைத்திருந்த சக்தி. தண்ணீர் வற்றிய உடம்போடு தலையில் குத்து வாங்கினால் மூளைக்கு ஆபத்து கூடும் என்று மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். 1997 கடைசியில் அமெரிக்காவில் 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும்போதே சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன்பிறகுதான் அங்கே கல்லூரிப் போட்டிகளில் நீராவி அறையையும் ரப்பர் உடையையும் தடை செய்து, எடை பார்ப்பதைப் பந்தயத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் ஒரே நாளில் மூன்று பந்தயம் ஜெயித்து, ராத்திரி முழுக்கப் பாடுபட்டு, முடியைக்கூட வெட்டியும், மறுநாள் காலை 100 கிராம் கூடுதல் என்று வெளியேற்றப்பட்டார். அந்த 100 கிராமுக்காக நாடே அழுதது. உடம்பில் நீர் வற்றி அவர் சிகிச்சைக்குப் போக வேண்டி வந்ததை எத்தனை பேர் பேசினோம்?

பெரியவர்களுக்காவது டாக்டரும் டயட்டீஷியனும் பக்கத்தில் இருக்கிறார்கள். மாவட்டப் போட்டிக்கு வரும் பதினாலு வயதுப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? காலையில் எடை பார்த்துவிடுகிறார்கள், பவுட், அதாவது அவன் மோதும் பந்தயம், பதினொரு மணிக்கா மூன்று மணிக்கா என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தன் பயந்துகொண்டு சாப்பிடாமலே நிற்கிறான், இன்னொருத்தன் பசி தாங்காமல் பிரியாணியைத் தின்றுவிட்டு ரிங்கில் வாந்தி எடுக்கிறான். எடை பார்த்ததும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், இட்லியோ வாழைப்பழமோ சாப்பிடலாம், வயிறு நிறையச் சோறு என்றால் பவுட்டுக்கு மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும்.

போட்டி நடத்துபவர்களிடம் கேட்பது இரண்டுதான். எடை பார்க்கும் இடத்திலேயே பவுட் வரிசையை நேரத்தோடு ஒட்டுங்கள். வளரும் பிள்ளை எடை கூடிப்போயிருந்தால், அந்த இடத்திலேயே அடுத்த பிரிவுக்கு மாற்றிக்கொள்ள விடுங்கள். இதைச் செய்தால் யாரும் பிள்ளையை ராத்திரியில் ஓடவிட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர்,
வட சென்னை.