சூடு வைக்கும் முன் போடும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரல் புற்றுக்கட்டியை நுண்ணலையால் சுட்டழிக்கும் சிகிச்சை பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, ஊசி குத்திப் பத்து நிமிடம் சூடாக்கினால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தைத் தருகிறது. அதற்கு முன் போடும் கணக்கைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கட்டியை மட்டும் சுட்டால் போதாது. கண்ணுக்குத் தெரியாத புற்றுக்கலங்கள் ஓரத்தில் இருக்கும் என்பதால், சுற்றியுள்ள நல்ல ஈரலிலும் 5 முதல் 10 மில்லிமீற்றர் சேர்த்துச் சுட வேண்டும். 3 சென்ரிமீற்றர் கட்டிக்கு 10 மில்லிமீற்றர் ஓரம் வைத்தால் சுட வேண்டிய உருண்டை 5 சென்ரிமீற்றர் ஆகிறது. கனவளவில் அது நாலரை மடங்குக்கும் மேல். கட்டி 3 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நோய் மீளும் வாய்ப்புக் கூடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

எத்தனை வாற்று, எத்தனை நிமிடம் என்பதற்குக் கருவியோடு ஓர் அட்டவணை வரும். அப்படியே நம்பத்தக்கதல்ல அது. பெரும்பாலும் அறுத்தெடுத்த மாட்டீரலிலோ பன்றியீரலிலோ அளந்த எண்கள் அவை; அங்கே இரத்தம் ஓடுவதில்லை. உயிருள்ள ஈரலில் 3 மில்லிமீற்றருக்கு மேல் அகலமான இரத்தக்குழாய் கட்டியை ஒட்டிப் போனால், ஓடும் இரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். 60 பாகை செல்சியஸில் கலம் உடனே மடியும். 50 பாகையில் நிமிடக்கணக்கில் பிடிக்கும். அந்தக் குழாயோரத்தில் தப்பிய கலங்களிலிருந்தே கட்டி மறுபடி முளைக்கிறது. ரேடியோ அலையால் சுட்டழிக்கும் சிகிச்சையைவிட நுண்ணலையில் இத்தொல்லை குறைவு, ஆனால் இல்லாமற் போவதில்லை.

குடல் கட்டியை ஒட்டியிருந்தால், அதில் சூடு படாதபடி இடையில் 5 வீத டெக்ஸ்ட்ரோஸ் நீரைச் செலுத்தி விலக்கலாம். ஈரல் வாசலிலுள்ள (குழாய்கள் ஈரலுக்குள் நுழைந்து வெளியேறும் இடத்திலுள்ள) பெரிய பித்தக்குழாயை அப்படி விலக்க வழியில்லை. அதில் சூடு பட்டால் பின்னர் சுருங்கி அடைபடும். அவ்விடத்துக் கட்டிக்கு வேறு சிகிச்சையை யோசிப்பதே நல்லது.

ஒரு வைத்தியசாலையில் எடுத்த ஸ்கானை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கொழும்புக் குடும்பங்கள் அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல் குறுந்தட்டையும் கேட்டு வாங்க வேண்டும். அதில் உடலை 1 அல்லது 2 மில்லிமீற்றர் தடிப்பான துண்டுகளாகக் காட்டும் படங்கள் இருக்கட்டும்; 5 மில்லிமீற்றர் தடிப்புப் படத்தில் 5 மில்லிமீற்றர் ஓரத்தை எப்படி அளப்பது? சிகிச்சைக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தித்தான் ஓரம் அளக்கப்படும். இரண்டும் ஒரே மூச்சு நிலையில் எடுக்கப்படாவிட்டால் ஈரல் ஒரு சென்ரிமீற்றருக்கு மேலும் இடம் மாறியிருக்கும், பொருத்தமும் பிழைக்கும்.

இவ்வண்ணம்,
மருத்துவப் பௌதிகத் துறையினர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.