தமிழ்ப் பாடசாலை நிர்வாகக் குழுவுக்கு: நீராவி ஓடும் ஒரு நாளைப் பிள்ளைகளுக்குத் தாருங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த வெள்ளிக்கிழமை இரவு 9.40 மணிக்குப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் இட்ட இரண்டு வரிச் செய்தியே இம்மடலை எழுதவைத்தது. மறுநாட் காலை மேற்கு லண்டனிலுள்ள கெம்ப்டன் நீராவி அருங்காட்சியகத்துக்குப் புறப்படவிருந்த பயணம் "தவிர்க்க முடியாத காரணங்களால்" பிற்போடப்படுவதாக அறிவித்திருந்தீர்கள். இது மூன்றாவது முறை. முதல் முறை தமிழ்ப் பரீட்சை, இரண்டாம் முறை விளையாட்டுப் போட்டி, இம்முறை ஆண்டு விழா ஒத்திகை. இவை ஒவ்வொன்றும் வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த நாளுக்குப் பிற்போட்டீர்கள் என்பது அச்செய்தியில் இல்லை. அங்குள்ள பழைய நீரிறைக்கும் இயந்திரம் நீராவியில் ஓடுவது ஆண்டில் ஒரு சில வார இறுதிகளில் மட்டுமே என்பதால், நாள் குறிக்காத பிற்போடல் என்பது கைவிடுதலுக்கு இன்னொரு பெயராகிவிடுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். பயணத்துக்கென்று பெற்றோர் மூவர் சேர்ந்து முப்பது தமிழ்ச் சொற்களைக் கொண்ட ஒரு தாள் தயாரித்திருந்தோம். கொதிகலன், உருளை, முசலம் (பிஸ்டன்), அமுக்கம், ஆவி, சில்லு என்று ஒவ்வொரு சொல்லுக்கும் அருகே ஒரு கட்டம். இயந்திரத்தில் அந்த உறுப்பைக் கண்டதும் பிள்ளை அந்தக் கட்டத்தில் சரி போட வேண்டும். என் பத்து வயது மகள் நாற்பது பிரதிகளையும் தன் கையாலேயே ஸ்டேப்பிள் அடித்துப் பையில் அடுக்கி, பையை வாசற்கதவருகே வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனாள். காலையில் செய்தியைச் சொன்னபோது அவள் அழவில்லை. பையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்கட்டின் கீழே, சென்ற ஆண்டுத் தாள்கள் கிடக்கும் பெட்டியின் மேல் வைத்தாள். அழுதிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஏ316 வீதியில் ஹான்வர்த்தைக் கடக்கும்போது தெரிகிற இரட்டைப் புகைபோக்கிகளை நீங்களும் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். அவற்றின் அருகே, உயர்ந்த சன்னல்கள் கொண்ட கட்டடத்தினுள், 62 அடி உயரமான இரண்டு இயந்திரங்கள் நிற்கின்றன. 1920களின் இறுதியில் நிறுவப்பட்டு, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 1 கோடியே 90 இலட்சம் கலன், அதாவது ஏறத்தாழ 8.6 கோடி லீற்றர் தண்ணீரை வட லண்டனுக்கு இறைத்தவை. 1980இல் நிறுத்தப்பட்ட அவற்றில் ஒன்றைத் தொண்டர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு மீண்டும் ஓடவைத்தார்கள். மற்றதை ஓடாமலே விட்டிருக்கிறார்கள். அதனுள்ளே ஏறி உறுப்புகளைக் கிட்ட நின்று பார்க்கலாம்.

முதன்முதலாக என் மகளை அங்கே கூட்டிச்சென்றபோது, ஒரே நீராவி ஏன் மூன்று உருளைகளுக்குள் போகிறது என்று கேட்டாள். தேங்காய்ப் பூவை ஒருதரம் பிழிந்துவிட்டு எறிகிறோமா என்று திருப்பிக் கேட்டேன். முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று எடுப்பதைப் போலத்தான்: உயர் அமுக்கத்தில் வந்த ஆவி சிறிய உருளையில் வேலை செய்து, அமுக்கம் குறைந்து விரிந்து நடு உருளைக்குள் போய், அங்கிருந்து எல்லாவற்றிலும் பெரிய மூன்றாவது உருளைக்குள் போகிறது. அவள் தலையாட்டிவிட்டு, "அப்ப மூன்றாம் பாலுக்குத்தான் பெரிய சட்டி வேணும்" என்றாள். எண்ணெய்க் குவளையோடு மேல்தட்டில் நின்ற முதியவர், நாங்கள் என்ன பேசுகிறோம் என்று கேட்டார். நான் விளக்கியதும் சிரித்துவிட்டு, கைப்பிடியைத் துடைக்கத் தொடங்கினார். வகுப்பறையில் ஒரு தவணை முழுக்கச் சொல்லியும் ஏறாத "அமுக்கம்" என்ற சொல், அன்று பதினைந்து நிமிடத்தில் ஏறிற்று. ஆகையால்தான் கேட்கிறேன்: நீராவி ஓடும் ஒரு நாளைத் தாருங்கள்.

சென்ற ஆண்டு விழா ஆறு மணித்தியாலம் நடந்தது. அதில் பொன்னாடை போர்த்துவதற்கும் போர்த்தியவருக்குத் திருப்பிப் போர்த்துவதற்கும் மட்டும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் போயிற்று. மேடையின் பின்னே எங்கள் பிள்ளைகள் ஒப்பனை கலையக்கூடாதென்று தண்ணீரும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் ஹவுன்ஸ்லோவிலிருந்து கெம்ப்டனுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. தமிழ் என்றால் மேடையில் ஆடவும் பாடவும், கிண்ணம் வாங்கவும் உரிய மொழி; இயந்திரம், தண்ணீர், வேலை என்று வந்தால் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டால், அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தானே.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். சம்பளமின்றிச் சனிக்கிழமைகளை எல்லாம் பாடசாலைக்குக் கொடுப்பவர்கள் நீங்கள் என்பதை நான் மறக்கவில்லை. அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவர்களும் அப்படித்தான். அவர்கள் ஓட்டும் நாட்களை முற்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள் என்பதால், எங்கள் நாட்காட்டியைத் தயாரிக்கும்போது அவற்றில் ஒரு சனிக்கிழமையை முதலில் குறித்துவிட்டு, ஒத்திகையையும் போட்டிகளையும் மற்றச் சனிக்கிழமைகளில் வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இம்முறை பஸ்ஸுக்குக் கட்டிய முற்பணம் திரும்பக் கிடைக்காது என்றால், அதில் பாதியை நானே தருகிறேன். சொற்தாள்களை மறுபடியும் அச்சிடத் தேவையில்லை. நாற்பதும் படிக்கட்டின் கீழே அப்படியே இருக்கின்றன. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்து, எந்தத் திகதி என்பதை மட்டும் பெற்றோருக்கு அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருவரின் தாய்