ஓரக்குறிப்பையும் சேர்த்து நடத்துங்கள்

அமெரிக்க வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மதத்துக்கும் அரசுக்கும் நடுவே ஒரு மதில் வேண்டும் என்ற வரியை வகுப்பில் சொல்லாதவர் உங்களில் அநேகமாக இருக்க மாட்டார். அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்டிஸ்ட் கிறிஸ்தவ சபையாருக்கு 1802 ஜனவரி 1 அன்று எழுதிய பதிலில் வரும் வரி. ஏதோ தனியறையில் உட்கார்ந்து யோசித்து எழுதிய தத்துவம் போலத்தான் எங்களுக்கு அதை நடத்தினார்கள்.

அதன் வரைவைப் பாருங்கள். முந்தைய அதிபர்களைப் போல கடவுளை வேண்டி நோன்பிருக்கும் நாளும் அவருக்கு நன்றி சொல்லும் நாளும் தாம் ஏன் அறிவிப்பதில்லை என்று விளக்கிய பகுதியை ஜெஃபர்சன் வட்டமிட்டு நீக்கியிருக்கிறார். ஏன் நீக்கினார் என்பதையும் இடது ஓரத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்: கிழக்கு மாநிலங்களில் உள்ள நம் கட்சி நண்பர்கள் சிலருக்குச் சங்கடமாக இருக்கும் என்று யோசனை சொன்னார்களாம். சொன்னவர் மாசசூசெட்ஸ்காரரான அட்டர்னி ஜெனரல் லீவை லிங்கன். அந்தப் பக்கத்து மக்களுக்கு ஆளுநர் அறிவிக்கும் நன்றி நாள் பழகிப்போன வழக்கம், அதில் கை வைக்காதீர்கள் என்பது அவர் கவலை. தபால் துறைத் தலைவர் கிடியன் கிரேஞ்சரோ ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம் என்றிருந்தார். அவரும் கனெக்டிகட்காரர்தான்! மதில் வரியில் 'பிரிவு' என்பதற்கு முன்னால் இருந்த 'நிரந்தர' என்ற பொருள்படும் சொல்லும் அடிபட்டது. மை பூசி மறைத்த வரிகளை 1998-இல் எஃப்.பி.ஐ. ஆய்வகத்தின் உதவியோடுதான் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் படித்தது.

1800 தேர்தலில் அவரை நாத்திகர் என்று எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகள் தூற்றியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மடல் எழுதிய இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் நடந்த வழிபாட்டில் போய் உட்கார்ந்தார். பிரசங்கம் செய்த பாப்டிஸ்ட் போதகர் ஜான் லீலண்ட், அதிபருக்கென்று ஆயிரம் ராத்தலுக்கு மேல் எடையுள்ள சீஸ் ஒன்றை மாசசூசெட்ஸிலிருந்து கொண்டு வந்திருந்தார். அது தனிக்கதை.

ஜெஃபர்சனைக் குறைத்துப் பேசவில்லை. கட்சிக் கணக்குப் போடாத அதிபர் யார்? அதிபரின் எழுத்தில் பிறர் கை சேர்வதும் புதிதல்ல. வாஷிங்டனின் முதல் பதவியேற்பு உரையை எழுதிக் கொடுத்தவர் அப்போது பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் மேடிசன். அதற்குப் பிரதிநிதிகள் சபை அனுப்பிய பதிலை எழுதியவரும் அவரே. அந்தப் பதிலுக்கு வாஷிங்டன் தந்த மறுமொழியும் அவர் கைவேலைதான்.

1879-இல் உச்ச நீதிமன்றம் அந்த மதில் வரியை எடுத்தாண்டதைப் பாடமாக வைக்கிறீர்கள், சரி. அடுத்த முறை வரைவையும் மடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த வட்டத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். ஒரு வகுப்பு நேரம் போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வரலாற்று மாணவன்