கன்று கொடுக்கும் முன் இலையைத் தூக்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டுத் தோட்டத்தில் வாழை வைப்பது பற்றி வந்திருந்ததைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால், ‘பக்கத்து வீட்டில் ஒரு கன்று கேட்டு வாங்கி நட்டால் போதும், காசு செலவில்லை’ என்று ஒரு வரி போகிறபோக்கில் வந்துவிட்டது. கன்றோடு நோயும் கூடவே வந்துவிடலாம்; அந்த வரியை முன்னிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். தபால்காரன் முன்வாசலோடு திரும்பிவிடுவான் என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கம் அது நடக்காது. பகலில் பெண்கள் எல்லோரும் புறவாசலில்தான் இருப்பார்கள். மணியார்டருக்குக் கையெழுத்து வாங்க வீட்டைச் சுற்றிக் கிணற்றடிக்குப் போக வேண்டும். அங்கே வாழை நிற்காத வீடு அபூர்வம். பாத்திரம் கழுவிய தண்ணீரும் துணி அலசிய தண்ணீரும் சின்னக் கீறலாக ஓடி வாழை மூட்டில், அதாவது தூரில், போய்ச் சேரும். எந்த வீட்டில் மட்டி நிற்கிறது, எங்கே செந்துளுவன், எங்கே பாளையங்கோட்டான் என்பதெல்லாம் கதவு எண்ணைப் போல எனக்கு மனப்பாடம். (வெளி மாவட்டத்து வாசகர்களுக்கு: செந்துளுவன் என்றால் செவ்வாழை, பாளையங்கோட்டான் உங்கள் பூவன், ஏத்தன் என்பது நேந்திரன், ரசகதலி ரஸ்தாளி. மட்டிக்கு வேறு பெயர் இல்லை, அது எங்களுடையது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.)

கன்றை யாரும் விலைக்கு வாங்கிப் பார்த்ததில்லை. மகள் கல்யாணமாகிப் போனால் அந்த வீட்டுக்கு ஒன்று, புது வீடு பால் காய்ச்சினால் ஒன்று. ‘போற வழிதானே, இதை அவ வீட்டுல போட்டுட்டுப் போங்க’ என்று என் சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டவர்களும் உண்டு. நல்ல பழக்கம்தான், யாரும் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கன்றோடு சேர்ந்து என்ன போகிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

முடிக்கொத்து நோய் என்று புத்தகத்தில் போடுவார்கள். எங்கள் ஊரில் ‘வாழை கூம்பிப் போச்சு’ என்பார்கள், அவ்வளவுதான். இது வைரஸ் நோய். வாழை அசுவினி என்ற கறுப்புப் பூச்சி, கடுகைவிடச் சிறியது, குருத்திலும் மட்டை இடுக்கிலும் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு வைரஸைக் கொண்டுபோவது அதுதான். தூரம் போவதற்கு அதற்கு நாம் வேண்டும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இந்த நோய் போவது பெரும்பாலும் மனிதர் கையில் இருக்கும் கன்று வழியாகத்தான். 1940 வாக்கில் இலங்கையிலிருந்து வந்த கன்றுகளோடு கோட்டயம் பக்கம் இறங்கியதாகத்தான் வேளாண் நூல்களில் பதிவு இருக்கிறது. அப்போது எங்கள் மாவட்டமும் அதே திருவிதாங்கூரில்தான் இருந்தது. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி வாழை, கீழ்ப்பழனி மலைகளில் பெரும்பரப்பில் நின்றது சுருங்கிப்போனதற்கும் முக்கியக் காரணம் இதே நோய்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மரம் குட்டையாகி, இலைகள் குறுகி, விளிம்பு மஞ்சளித்து, உச்சியில் செங்குத்தாக ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும் நிலை வந்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அதற்குள் அந்த மூட்டிலிருந்து நாலு கன்று நாலு வீட்டுக்குப் போயிருக்கும். அதனால் முன்கூட்டியே பார்க்க வேண்டும். காலை வெயில் இருக்கும்போது கடைசியாக விரிந்த இலையைக் கையால் தூக்கி, அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். நடு நரம்பிலிருந்து பிரிந்து போகும் சிறு நரம்புகளில் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடும் மாறி மாறி வந்தால் சந்தேகமே வேண்டாம். எங்கள் இலாகாவில் பழைய ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம்: தந்தி அடித்த மாதிரி இருக்கும். சிறு நரம்பு நடு நரம்போடு சேரும் இடத்தில் அந்தக் கோடு கொக்கி போல வளைந்து இறங்கும். இலைக் காம்பிலும் இதே கரும்பச்சைக் கீற்று ஓடும். இலையை மடக்கினால் நல்ல இலை துவளும்; நோய் கண்டது பப்படம் போல நொறுங்கும். மட்டையை லேசாக விலக்கிப் பார்த்தால் அசுவினி இருக்கும், அது கசியவிடும் இனிப்பு நீரை நக்க எறும்பும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எறும்பு வரிசை கண்ணில் பட்டாலே அந்த மரத்தை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இன்னொன்று. நோய் தொற்றிய உடனே எதுவும் தெரியாது. புது இலைகள் சில விரிந்த பிறகுதான் கீற்று வரும். அதனால் கன்று மட்டும் பளபளவென்று இருக்கிறது என்று வாங்கிவிடக் கூடாது. தாய்மரத்தைப் பார்க்க வேண்டும், அந்த மூட்டில் நிற்கும் மற்றக் கன்றுகளையும் பார்க்க வேண்டும். தாய்க்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். இதற்கு மருந்து கிடையாது. சாணம், சாம்பல், கடையில் விற்கும் நுண்ணூட்டம் எது போட்டாலும் அந்த மரம் தேறாது. இளசில் தொற்றினால் குலையே வராது, பிந்தித் தொற்றினால் சூம்பிய குலை வரும்.

அப்புறம் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: வெட்டி எடுப்பது. பிரச்சினை இங்கேதான். ஒரு வீட்டில் ஆச்சி ஒருவரிடம் இதைச் சொன்னேன். மட்டி வாழை, முழங்கால் உயரத்தில் கூம்பி நிற்கிறது. ‘குலை தள்ளாத வாழையை வெட்டினா குடும்பத்துக்கு ஆகாது மக்களே’ என்றார். ‘ஆச்சி, இது இனி குலை தள்ளாது’ என்றேன். ‘தள்ளாட்டி போகட்டும், அது பாட்டுக்கு நிக்கட்டும்’ என்று உள்ளே போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு மரம் ‘பாட்டுக்கு’ நிற்கும்வரை அந்தத் தெருவில் யார் வாழை வைத்தாலும் தேறாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வீட்டு முற்றத்தில் வாழை வைப்பதற்கே அரசு விதிமுறை இருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம், இன்ஸ்பெக்டர் வந்து வாழையை எண்ணுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இருந்தாலும் நோய் வந்த மரத்தை வெட்டினால் பாவமில்லை என்று பூசாரியோ பாதிரியாரோ ஒரு வார்த்தை சொன்னால், விவசாய அதிகாரி பத்துத் தடவை சொல்வதைவிடப் பலிக்கும்.

வெட்டுவதற்கும் முறை உண்டு. நேராக அரிவாளைப் போட்டால் அசுவினி பக்கத்து மரத்துக்குப் போய்விடும். முதலில் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து குருத்திலும் மட்டை இடுக்கிலும் நன்றாக நனையும்படி தெளிக்க வேண்டும். பூச்சி செத்த பிறகு வெட்டி, கிழங்கை மம்பட்டியால் முழுதாகத் தோண்டி எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி வெயிலில் காயப்போட வேண்டும். மண்ணில் ஒரு கண் விட்டாலும் அது முளைத்து வரும், நோயோடு வரும். தோண்டியதைக் கால்வாய் ஓரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். நல்லவேளை, இந்த வைரஸ் மண்ணில் தங்காது. கிழங்கு மிச்சம் முளைக்கவில்லை என்று தெரிந்தபிறகு அதே இடத்தில் நல்ல கன்று வைக்கலாம்.

ரசகதலியில் வரும் பனாமா வாடல் அப்படி இல்லை. அது பூஞ்சை, மண்ணில் பல வருடம் கிடக்கும். அடியிலை மஞ்சளித்து மடிந்து தொங்கும், தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே செம்பழுப்பாக இருக்கும். அந்த மூட்டில் கன்றும் எடுக்கக் கூடாது, அங்கே மறுபடி ரசகதலியும் வைக்கக் கூடாது. பாளையங்கோட்டான் வைத்தால் தாங்கும்.

நடுவது எப்படி என்பதையெல்லாம் உங்கள் இணைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். நான் ஒன்றிரண்டுதான் சேர்ப்பேன். ஈட்டி போல ஒடுங்கிய இலை உள்ள கன்றாகப் பாருங்கள், அகன்ற இலை விட்ட நீர்க்கன்று பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வலுவாக வளராது, நல்ல குலையும் தராது. மொட்டை மாடிப் பையில் வைக்காதீர்கள். அது வளரும், ஆனால் எங்கள் ஊர்க் காற்றுக்கு நிற்காது. அப்புறம், மூட்டுக்கு ஒரு தாய், ஒரு கன்று போதும். மற்றதை வெட்டிவிடுங்கள். கூட்டமாக நின்றால் குலையும் சிறுக்கும், பூச்சி இருப்பதும் தெரியாது.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் வாழை பாய் விரித்ததுபோலக் கிடந்தது. அப்போது மறுபடி நட, எங்கே கன்று கிடைத்தாலும் சரி என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். தேவை அப்படி. அடுத்த புயலுக்கும் இதுதான் நடக்கும். கடைகளிலும் நர்சரிகளிலும் கிடைக்கும் திசு வளர்ப்புக் கன்று பெரும்பாலும் ஜி-9 என்ற கேவண்டிஷ் ரகம். அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சான்று பெற்ற ஆய்வுக்கூடத்தில் வைரஸ் சோதனை செய்து வளர்த்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். நோயுள்ள தாயிலிருந்து எடுத்தால் திசு வளர்ப்பிலும் நோய் வரும். ஆனால் குழந்தைக்கு முதன்முதலில் மசித்து ஊட்ட மட்டிப்பழம் தேடுகிற வீட்டுக்கு ஜி-9 எதற்கு? பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிறது. மட்டி, செந்துளுவன், ரசகதலி இவற்றில் சோதித்த கன்றுகளை வீட்டுக்கு இரண்டு என்ற கணக்கிலாவது பஞ்சாயத்து வழியாகக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்யலாம். ஏக்கர் கணக்கில் நடுகிறவருக்குத் திட்டங்கள் உண்டு, கிணற்றடியில் ஒரு மூடு வைத்திருப்பவர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. நோய் ஒளிந்திருப்பதோ பெரும்பாலும் அந்தக் கிணற்றடியில்தான்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தக் கரும்பச்சைக் கீற்று தெரியும்படி ஓர் இலையின் வண்ணப்படத்தைப் பெரிதாகப் போடுங்கள். நான் எவ்வளவு எழுதினாலும் அது தெளிவதுபோல் தெளியாது. கத்தரித்து வைத்துக்கொண்டு, கன்று கேட்டு வருகிறவர்களிடம் காட்ட எனக்கும் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
தக்கலை அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.