சாம்பேசிப் பள்ளத்தாக்கிலிருந்து என்னை மேலே கொண்டுவந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

தோள்கட்டை அவிழ்த்து நான்கு நாள் ஆகிறது. வலது கையால் எழுத முடிகிறது என்றானதும் முதலில் எழுத உட்கார்ந்தது இந்த மடலைத்தான்.

அக்டோபரில் நாங்கள் ஐந்து நண்பர்கள் ஆப்பிரிக்காவின் சாம்பேசி ஆற்றில், விக்டோரியா அருவிக்குக் கீழே, படோகா பள்ளத்தாக்கில் கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) ஓட்டப் போனோம். ரிஷிகேசில் கங்கையில் பழகியவர்கள் நாங்கள். நான்கு வருடம் பேசிப் பேசி, காசு சேர்த்துப் போன பயணம் அது. வெள்ளம் வடிந்து, பள்ளத்தாக்கை முழுசாக ஓட்ட வசதியான காலம் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரைதான். அருவி 108 மீட்டர் உயரம். அதன் அடியில், கொதிக்கும் பானை என்று அவர்கள் அழைக்கும் சுழலுக்குப் பக்கத்தில் படகை இறக்கினோம். அங்கிருந்து ராப்பிட்டுகளுக்கு, அதாவது பாறைகளுக்கிடையே நீர் சீறிப் பாயும் இடங்களுக்கு, வரிசையாக எண் உண்டு. இடது கரை சாம்பியா, வலது கரை ஜிம்பாப்வே. இரண்டு பக்கமும் கறுத்த பாறை, வெயிலில் தொட முடியாத சூடு.

ஏழாவது ராப்பிட்டை ஐந்து பேரும் கவிழாமல் தாண்டினோம். அந்த மகிழ்ச்சி எட்டாவது வரைதான். பெரிய அலை ஒன்று பக்கவாட்டில் தள்ளியதும் முழங்கையை உடம்போடு ஒட்டி வைக்காமல் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். தோள் கழன்றது. கவிழ்ந்தபின் ரோல் செய்து, அதாவது படகோடு உருண்டு, நிமிர ஒரு கை போதவில்லை. படகைவிட்டு வெளியே வந்து நீரோடு போனேன்.

அப்போது எறிகயிற்றை வீசியவர் எங்கள் குழுவைச் சேர்ந்தவரே இல்லை. ஜிம்பாப்வே பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழுவின் பாதுகாப்புக் கயாக்கர். பாறைமேல் நின்று வீசிய கயிறு நேராக என் இடது கைக்கே வந்தது. அவர் பெயர்கூடக் கேட்காமல் பிரிந்துவிட்டோம். அண்ணா, இது உங்கள் காதுக்கு எப்படியாவது எட்ட வேண்டும். அந்தக் கயிறு ஒரு மீட்டர் தள்ளி விழுந்திருந்தால் ஒன்பதாவது ராப்பிட்டை நோக்கிப் போயிருப்பேன். அங்கே பெரும்பாலானோர் படகைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்துதான் கடப்பார்கள்.

எங்களோடு வந்த ராஃப்டின் (காற்றடைத்த பெரிய ரப்பர் படகு) வழிகாட்டி சாம்பியாவின் லிவிங்ஸ்டன் ஊர்க்காரர். வலியில் நான், "இங்கேயே இழுத்து மாட்டிவிடுங்கள்" என்று கெஞ்சினேன். அவர் மறுத்துவிட்டார். விரல்களில் உணர்வு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, உயிர்காப்பு அங்கியோடு சேர்த்துக் கையைக் கட்டினார். அன்று அவர் மறுத்தது எவ்வளவு சரி என்று மருத்துவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. நரம்பு எதுவும் கெடாமல் தப்பியதற்கு அவர் நிதானமே காரணம். ஒன்பதாவதைப் பாறைகள்மேல் நடந்து கடந்தோம். பத்தாவதின் பெயரைத் தமிழில் சொன்னால் 'மரணத்தின் நறநறக்கும் தாடைகள்' என்று வரும். பெயருக்குத்தான் அந்தப் பயம், மற்றவற்றைவிட அது சாதுவானது. ராஃப்டில் படுத்தபடி அதைத் தாண்டினேன்.

அப்புறம்தான் ஏற்றம். ஏறக்குறைய 200 மீட்டர், செங்குத்தாக. சில இடங்களில் கம்புகளைக் கட்டிச் செய்த ஏணி. இரண்டு கையும் இருப்பவருக்கே மூச்சு வாங்கும். சுமைதூக்கும் தம்பிகள் நான்கு பேர் இறங்கி வந்தார்கள். காலில் ரப்பர் செருப்புதான். இருவர் எங்கள் கயாக்குகளைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே போனார்கள். மற்ற இருவரும் என் இடுப்பில் கயிறு கட்டி, ஒருவர் மேலிருந்து இழுக்க, ஒருவர் கீழிருந்து என் பாதத்தை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தார். ஆமாம், கையால் எடுத்து வைத்தார். நடுவில் மயக்கம் வந்து உட்கார்ந்தபோது தன் தண்ணீர் முழுவதையும் என் தலையில் ஊற்றினார். மேலே ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது. உச்சியில் ஒரு அம்மா மஹேயு கொடுத்தார். மக்காச்சோளத்தில் செய்வது, நம் கூழ் மாதிரியே இருந்தது. அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு, பொறுமையாகத் தோளை உள்ளே தள்ளிய மருத்துவருக்கும், இரவு முழுக்க வந்து வந்து பார்த்த செவிலிய அக்காவுக்கும் நன்றி. என் நான்கு நண்பர்களுக்கு இங்கே தனியாகச் சொல்லப்போவதில்லை. பயணத்தின் மீதி நாட்களை ஓட்டாமல் என்னோடு உட்கார்ந்தவர்களுக்கு நன்றி என்ற சொல் போதாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அருவிக்குக் கீழே இதே பள்ளத்தாக்கில் 2,400 மெகாவாட் அணை கட்டும் திட்டம் பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. கட்டினால் இந்த ராப்பிட்டுகளில் பெரும்பாலானவை நீருக்கடியில் போகும். அங்கே மின்சாரத்துக்குப் படும் பாட்டை நானும் பார்த்தேன், அதனால் வேண்டாம் என்று எளிதாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் முடிவெடுப்பவர்கள் அந்த ஏணியில் ஏறி இறங்கிப் பிழைக்கும் தம்பிகளிடமும் கேட்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

கிளம்பும் நாள் காலையில் விடுதி வாசலில் ஒருவர் நின்றிருந்தார். என் பாதத்தை எடுத்து வைத்தவர். எட்டாவதில் நான் தொலைத்த துடுப்பு கீழே மீனவர்களிடம் கிடைத்ததாம். அதை வாங்கி, மறுபடி அந்த ஏற்றம் ஏறிக் கொண்டுவந்திருக்கிறார். அங்கே பேசும் டோங்கா மொழியில் நான் கற்றிருந்த ஒரே சொல்லைச் சொன்னேன்: ட்வாலும்பா, நன்றி. அவர் சிரித்து, என் உச்சரிப்பைத் திருத்தினார். அவர் தம்பி கயாக் பழகுகிறானாம், சொந்தத் துடுப்பு இல்லையாம். அதை அவனிடமே கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் படம் அனுப்பியிருந்தார்கள். துடுப்பு அவனைவிட ஒரு சாண் உயரம்.

அன்புடன்,
உங்களால் கரை ஏறியவன்