உச்ச ஸ்வரம் எட்டினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஆபரெட்டா (வசனமும் பாட்டும் கலந்த இலகுவான மேற்கத்திய இசை நாடகம்), மியூசிக்கல் காமெடி (நகைச்சுவை இசை நாடகம்) பாடல்களைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தங்கள் இசைப் பக்கத்தில் வந்த கட்டுரை, பாட்டின் உச்ச ஸ்வரம் குரலுக்கு எட்டுகிறதா என்று பார்த்தால் போதும் என்கிறது. அது பாதிக் கணக்கு. பாட்டு எந்த இடத்தில் அதிக நேரம் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆபரெட்டா இசையமைப்பாளர் லெஹார் 1929-இல் டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடகர் ரிச்சர்ட் டாபருக்காக எழுதிய 'டைன் இஸ்ட் மைன் கன்ட்செஸ் ஹெர்ட்ஸ்' பாடலின் உச்சம் ஏ-ஃப்ளாட் ஸ்வரம்தான். "நமக்கும் அது வருமே" என்று பாரிடோன்கள் (நடுத்தர ஆண் குரல் பாடகர்கள்) ஏமாறுவது இங்கேதான். பல்லவி, குரல் கீழ்ப் பகுதியிலிருந்து மேல் பகுதிக்கு மாறும் இடத்தைச் சுற்றியே வருகிறது. ஒரு தடவை பாடிவிடலாம். இரண்டாவது தடவை தொண்டை இறுகி ஸ்வரம் இறங்கும்.

சோதிக்க எளிய வழி உண்டு. நோட்டேஷனில் நீளமாகப் பிடிக்கும் ஸ்வரங்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டங்கள் குவியும் இடம் உங்கள் குரல் களைக்கும் இடமாக இருந்தால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள். பிறகு பல்லவியை நிறுத்தாமல் இரண்டு முறை பாடி, உடனே பேசிப் பாருங்கள். பேச்சு கரகரத்தால் பாட்டு பொருந்தவில்லை.

லெஹாரின் இன்னொரு ஆபரெட்டாவான 'மெர்ரி விடோ'வில் (1905) கதாநாயகி பாடும் வில்யா பாட்டில் சிக்கல் வேறு. முடிவில் வழக்கமாகப் பாடும் மேல் பி ஸ்வரம் மெல்லிய குரலில் மிதக்க வேண்டும். ஓங்கிப் பாடினால் மட்டுமே பி வருகிறவர்களுக்கு இது வேண்டாம்.

கட்டையை (சுருதியை) இறக்கலாமா? மியூசிக்கல் காமெடிப் பாட்டென்றால் அரைக் கட்டை, ஒரு கட்டை தாராளமாக இறக்கலாம். அதற்கு மேல் போனால் பல்லவிக்கு முன் வரும் தாழ்ந்த பகுதியில் சொற்கள் காதில் விழாது. 'ஃப்ளெடர்மவுஸ்' (1874) ஆபரெட்டாவில் பணிப்பெண் அடேலின் சிரிப்புப் பாட்டை இறக்கவே கூடாது. அந்தச் சிரிப்புச் சங்கதிகள் மந்தமான நடுக் குரலில் விழுந்து பாட்டு செத்துவிடும். மெஸ்ஸோவுக்கு (நடுத்தரப் பெண் குரலுக்கு) அதே ஆபரெட்டாவில் இளவரசர் ஓர்லோஃப்ஸ்கியின் பாட்டு இருக்கிறது. ஆனால் அதிலும் மேல் ஏ-ஃப்ளாட்டுக்குத் தாவ வேண்டும், மறக்காதீர்கள்.

வீச்சு குறைந்த குரலுக்கு 'பில்' போன்ற பாட்டு நல்லது. 1918-இல் ஒரு நாடகத்திலிருந்து நீக்கப்பட்ட அந்தப் பாட்டு, 1927-இல் 'ஷோ போட்' இசை நாடகத்தில் பாடகி ஹெலன் மார்கனுக்குப் போய்ச் சேர்ந்தது. பேசுவதுபோல் பாட வேண்டியது. பெரிய சோப்ரானோ (உயர்ந்த பெண்) குரல்தான் அதைக் கெடுக்கும்!

ஆங்கில ஆபரெட்டா இரட்டையர் கில்பர்ட்–சல்லிவனின் வேகமாகச் சொற்கள் பொழியும் மேஜர் ஜெனரல் பாட்டில் (1879) ஸ்வர வீச்சு ஒரு பொருட்டே இல்லை, மூச்சுதான் எல்லாம். மூச்சு எடுக்கும் இடங்களை முதலிலேயே குறித்துக்கொண்டு, மெட்ரோனோமில் (தாள வேகம் காட்டும் கருவியில்) பாதி வேகத்தில் தொடங்குங்கள். சொல்லின் கடைசி மெய்யெழுத்து விழுங்கப்படும் வேகம் வந்ததும் நிறுத்தி, சற்றுக் குறைத்துப் பழகுங்கள். மேடையில் அதைவிட வேகமாகப் பாட பியானோக்காரர் இழுத்தாலும் போகாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்